புரட்டாசியில் தொடங்கி ஆவணி வரை: பல்க், கட் போட ஒரு மதுரைக் காலண்டர்

ஜனவரி ஒன்றாம் தேதி ஜிம்மில் சேர்ந்து அன்றைக்கே டயட்டையும் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சரியாக இரண்டு வாரத்தில் பொங்கல் வந்துவிடும். அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று மாடு பார்க்கப் போன இடத்தில் சொந்தக்காரர் வீட்டு இலையில் கறியை அள்ளி வைப்பார்கள். அங்கே உட்கார்ந்து "எனக்கு வெள்ளரிக்காய் போதும் அத்தை" என்று சொல்ல முடியுமா? நம் ஊரில் சாப்பாட்டுக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டாமல் அதை ஒட்டியே திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: பல்க் என்றால் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுத் தசை ஏற்றும் காலம், கட் என்றால் தேவைக்குக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டு, ஏற்றிய தசையை விடாமல் கொழுப்பை மட்டும் கரைக்கும் காலம். இரண்டிலும் முக்கியமான சொல் 'கொஞ்சம்'. அது எனக்குப் புரியாமல் போனதால் முதல் வருடம் தினமும் ராத்திரி பரோட்டா, சால்னா, அதற்கு மேல் ஒரு ஜிகர்தண்டா என்று 'பல்க்' போட்டு ஐந்து மாதத்தில் 11 கிலோ ஏறினேன், பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. பிறகு நண்பன் கல்யாணத்துக்காக ஆறே வாரத்தில் எல்லாவற்றையும் குறைக்கிறேன் என்று ரசமும் முட்டை வெள்ளையுமாக ஓட்டி, மே மாத வெயிலில் ஸ்குவாட் (தோளில் வெயிட் வைத்து உட்கார்ந்து எழுவது) போடும்போது கண் இருட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இஞ்ச் டேப்

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். அளவு உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் (172 செ.மீ. உயரம் என்றால் 86 செ.மீ.க்கு மேல்) பல்க் பற்றி இப்போது யோசிக்காதீர்கள், முதலில் ஒரு கட். புதிதாக வெயிட் தூக்குகிறவர்களுக்குக் கட் காலத்திலேயே ஓரளவு தசையும் ஏறும், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பாதிக்குக் கீழே இருந்தால் கீழே வரும் வரிசையில் போகலாம். சர்க்கரை, கிட்னி, தைராய்டு தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

புரட்டாசி: கணக்குப் படிக்கும் மாதம்

செப்டம்பர் நடுவில் தொடங்குகிறோம், முதல் நாள் காலையில் ஒரு சுவர் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பல வீடுகளில் கறி, முட்டை கிடையாது, விருந்தும் அதிகம் இராது. இந்த நான்கு வாரமும் ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். உங்கள் எடை நிலையாக நிற்க எவ்வளவு கலோரி வேண்டும் என்று மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். தோராயமாக எடையை 32-ஆல் பெருக்குங்கள். 68 கிலோ ஆளுக்கு 2,200 வரும். அதைச் சாப்பிட்டுக்கொண்டு தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்ததும் எடை பார்த்து நோட்டில் எழுதி, ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். தனி ஒரு நாளின் எண்ணை நம்பவே கூடாது. ஞாயிறு கறிதோசை சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலையில் 1.2 கிலோ ஏறியிருக்கிறது என்று பதறுவோம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சம் விழ வேண்டும், ஒரு ராத்திரியில் 9,000 கலோரிக்கு மேல் கூடுதலாகத் தின்றிருக்க வாய்ப்பே இல்லை, அது உப்பு பிடித்து வைத்த தண்ணீரும் வயிற்றில் இருக்கும் சாப்பாடும்தான்.

கலோரி கணக்கில் எல்லோரும் கோட்டை விடுவது எண்ணெயில். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. அம்மா தோசைக்கல்லில் சுற்றிலும் விடுகிற எண்ணெயைத் தோசைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் என்று வைத்தாலே நாலு தோசையில் 480. ஒரு வாரம் மட்டும் சமையலறையில் நின்று பாருங்கள், அப்புறம் கண்ணே அளந்துவிடும்.

புரோட்டீன் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை. நம் 68 கிலோ ஆளுக்கு 120 கிராம் என்று வைப்போம். புரட்டாசியில் காய்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26, பனீர் 150 கிராமில் 27, அரை லிட்டர் பாலில் 16, வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பவுடர்) ஒரு ஸ்கூப்பில் 24 வாக்கில், மீதிக்குச் சுண்டலும் பருப்பும் சோறும். அசைவம் திரும்பியதும் நாலு முட்டை (24), எலும்பில்லாத கோழி 200 கிராம் (45), அதே சோயா, அதே பால் என்று மாற்றிக்கொண்டால் பவுடரே தேவையில்லை.

ஐப்பசி முதல் மாசி வரை: பல்க்

தீபாவளி, பொங்கல், தை முகூர்த்தங்கள் எல்லாம் இந்த ஐந்து மாதத்துக்குள் வந்துவிடும். வெயில் தணிந்து பசியும் நன்றாக எடுக்கும். 2,200 என்பதை 2,450 ஆக்குங்கள், அவ்வளவுதான். 250 கலோரி என்பது சும்மா இரண்டு வாழைப்பழமும் ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலையும். வாரத்துக்கு 200 முதல் 250 கிராம் ஏறினால் போதும். இரண்டு வாரம் தொடர்ந்து சராசரி நகரவில்லை என்றால் இன்னும் 100 கலோரி கூட்டுங்கள், வாரம் அரைக் கிலோ ஓடுகிறது என்றால் குறையுங்கள். மாசி முடிவில் 73 கிலோவில் நிற்க வேண்டும், 80-இல் அல்ல.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் புரட்டாசி மெனுவை எடுத்து அதன் மேல் 250 கலோரி சேர்த்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போய் வரும் நாட்களில் உடற்பயிற்சிக்கு லீவு.

வாரம் மூன்று நாள் போதும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சுக்கு மேல் தள்ளுவது), ரோ (குனிந்து வெயிட்டை வயிற்றை நோக்கி இழுப்பது), தோளுக்கு ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), ரொமேனியன் டெட்லிஃப்ட் (வெயிட்டைக் கையில் பிடித்து இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது), ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 6 முதல் 10 தடவை. எல்லா செட்டிலும் பத்து வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். எதை எத்தனை தடவை தூக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள், எடை ஏறி இந்த எண் ஏறவில்லை என்றால் தொப்பைதான் ஏறுகிறது. கிரியாட்டின் (வெயிட் தூக்கும் வலுவுக்காக எடுக்கும் பவுடர்) எடுக்க விரும்பினால் தினம் 3 முதல் 5 கிராம், அது தசைக்குள் தண்ணீரை இழுப்பதால் முதல் வாரங்களில் எடை கொஞ்சம் குதிக்கும், பயப்பட வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் ஆகிவிடும் என்று காதோரம் வந்து சொல்கிறவரிடமிருந்து மட்டும் எழுந்து ஓடிவிடுங்கள்.

பங்குனி நாலு வாரம் ஏற்றாமல் இறக்காமல் நிறுத்தி வைப்பு. கலோரி இப்போது 2,350 வாக்கில்.

சித்திரை, வைகாசி, ஆனி: கட்

வெயில் ஏறினால் பசி தானாகச் சுருங்கும், அதுதான் இங்கே நமக்கு லாபம். 2,350-இலிருந்து 450 குறைத்து 1,900. புரோட்டீனை மட்டும் 145 கிராமுக்கு ஏற்றுங்கள். குறைப்பது எண்ணெயிலும் சோற்றிலும் இனிப்பிலும். ஆவின் பச்சைப் பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு மாறினாலே கொழுப்பு 4.5 சதவீதத்திலிருந்து 3-க்கு வந்துவிடும். வாரத்துக்கு 400 கிராம் இறங்கும், 13 வாரத்தில் ஐந்து கிலோ.

கட் காலத்தில் நிறையப் பேர் செய்கிற தப்பு, 'இப்போது கொழுப்பு கரைக்கிறோம்' என்று லேசான வெயிட்டை எடுத்து முப்பது தடவை ஆட்டுவது. மாசியில் தூக்கிய அதே வெயிட்டைத் தூக்குங்கள், களைப்பாக இருந்தால் செட்டைக் குறையுங்கள், வெயிட்டை அல்ல. பாரம் இருந்தால்தான் உடம்பு தசையைப் பிடித்து வைத்திருக்கும். கொழுப்புக்கு நடைதான். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், காலை ஆறு மணிக்குள் நாலு சுற்று முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு வெயில் விடாது.

சித்திரைத் திருவிழாவை நான் மறக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குப் பந்தலுக்குப் பந்தல் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். மோருக்குக் கணக்கே வேண்டாம், பானகத்தில் வெல்லம் இருக்கிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு நாள் கூடிப்போனால் மறுநாள் பட்டினி கிடக்காமல் பழைய 1,900-க்கே திரும்புங்கள். ஊரிலிருந்து வந்த என் அப்பத்தா போன கட்டின்போது கன்னத்தைத் தடவிப் பார்த்து, "என்னடா இது, சீக்குக் கோழி மாதிரி ஆயிட்ட" என்று அழாத குறைதான். அதைக் கேட்டுத் திட்டத்தை மாற்ற வேண்டாம், ஆனால் அவர் கையால் ஒரு உருண்டை வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

ஆடியில் குலசாமிக்குக் கிடா வெட்டு வரும், அதனால் அந்த மாதம் மறுபடி நிறுத்தி வைப்பு, எடைக்குத் தக்க 2,200. ஆவணியில் இடுப்பு இன்னும் குறைய வேண்டும் என்று தோன்றினால் நாலு வாரம் ஒரு சின்னக் கட், இல்லையென்றால் அப்படியே ஓட்டுங்கள்.

ஆவணிக் கடைசியில் எடை மெஷினில் ஏறினால் அதே 68 காட்டக்கூடும், அதைப் பார்த்து ஒரு வருடம் வீண் என்று என் தம்பி மாதிரி மெஷினைத் திட்டாதீர்கள். அவன் இடுப்பு 85-இலிருந்து 79-க்கு வந்திருந்தது, ஸ்குவாட் 40 கிலோவிலிருந்து 90-க்கு. போன புரட்டாசியில் எந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்தீர்களோ, அதே சுவர், அதே காலை வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள்.