அமெரிக்கப் பள்ளியில் டிஸ்லெக்சியா மதிப்பீடு கோரும் முன்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் குழந்தை வாசிப்பில் பின்தங்கினால், ஆங்கிலம் பழகட்டும் என்று பள்ளியும், கவனம் போதவில்லை என்று வீடும் சொல்லிக் காலம் கடத்துவதுண்டு. புதிய மொழியால் வரும் தடுமாற்றத்தையும் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டையும் பிரித்தறிய, அந்தக் குழந்தை தமிழை எவ்வாறு வாசித்தது என்பதைவிட நல்ல சான்று பெற்றோர் கையில் வேறில்லை.

டிஸ்லெக்சியா அறிவுக்குறைவும் அன்று, கண் கோளாறும் அன்று. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலும், அந்த ஒலிகளை எழுத்துகளோடு விரைந்து பொருத்துவதிலும் ஏற்படும் இடர்ப்பாடு அது. குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியதும்கூட. நேற்றுப் படித்த சொல்லை இன்றும் புதிதாக எழுத்துக்கூட்டுவது, முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது, காதால் கேட்ட கதையைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அதே அளவுள்ள கதையைத் தானே வாசிக்கும்போது பொருள் பிடிபடாமல் தவிப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ஆங்கில எழுத்துகளைத் திருப்பி எழுதுவதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏழு வயதுவரை அது பல குழந்தைகளிடம் காணப்படுவதே.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தைவிடச் சீரானது என்பதால், டிஸ்லெக்சியா உள்ள குழந்தை தமிழை ஓரளவு பிழையின்றி, ஆனால் மிக மெதுவாக வாசிக்கலாம். எனவே பிழைகளோடு வேகத்தையும் பார்க்க வேண்டும். ரகர றகரக் குழப்பம் பெரியவர்களுக்கே உண்டு. நெடுநாள் பயிற்சிக்குப் பின்னும் கொம்பும் காலும் புள்ளியும் விடுபட்டுக்கொண்டே இருப்பதுதான் பொருட்படுத்தத்தக்கது. பழைய தமிழ் நோட்டுகளும் முந்தைய பள்ளியின் மதிப்பெண் அறிக்கைகளும் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

காது, கண் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும் என்று பள்ளிக்குத் தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள்; நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வாசலில் ஆசிரியரிடம் பேசியது பதிவில் ஏறாது. குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்கான 'ஐடியா' (IDEA) எனப்படும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளி நடத்தும் இந்த மதிப்பீடு இலவசம். பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நீங்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். மாநிலம் தனக்கென வேறு கெடு வகுத்திருந்தால் அதுவே பொருந்தும். விசா வகை பற்றிய அச்சத்தால் தயங்க வேண்டியதில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது.

ஆங்கிலம் போதாமையையே முதன்மைக் காரணமாகக் கொண்டு குழந்தைக்குக் குறைபாடு இருப்பதாக முடிவு செய்யவும் ஐடியா சட்டம் இடம்தருவதில்லை. இயன்றவரை குழந்தையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால் தமிழ்த் தேர்வுத்தாள் வைத்திருக்கும் அமெரிக்கப் பள்ளி அரிது. அந்த இடத்தில்தான் உங்கள் தமிழ் நோட்டுகள் உதவும். மதிப்பீடு குறித்துப் பள்ளி நடத்தும் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் முன்கூட்டியே கேளுங்கள். குழந்தையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அறிக்கையில் டிஸ்லெக்சியா என்ற பெயருக்குப் பதிலாகக் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற சட்டப் பிரிவு மட்டும் இருக்கலாம். ஒலிப்பிரிப்பு, பொருளற்ற சொற்களை வாசித்தல், வாசிப்பு வேகம், எழுத்துக்கூட்டல் ஆகியவை தனித்தனியே சோதிக்கப்பட்டனவா என்று பாருங்கள். முடிவு ஏற்புடையதாக இல்லையெனில், பள்ளி மாவட்டத்தின் (அப்பகுதி அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின்) செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கோரலாம். மாவட்டம் அதற்கு இணங்க வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானதே என்று முறையான விசாரணையில் நிறுவ வேண்டும்.