பாட்டு கேட்கும் அறைக்குப் பழைய குளியல் துண்டு அடைத்த பலகை

அறையில் பாட்டு எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண். மெல்லிய அட்டை உச்ச ஒலியை (ட்ரெபிள்) கொஞ்சம் குறைக்கும், கீழ்சுருதி (பேஸ்) அப்படியே முழங்கும். எளிதில் தீயும் பிடிக்கும். தெர்மாகோலுக்குள் காற்றே புகாது, அதனால் ஒலியை உறிஞ்சாது, அதுவும் உதவாது.

பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகையில் 4 அடிக்கு 2 அடி, 4 அங்குல ஆழத்தில் சட்டம் அடியுங்கள். 'எம்.பி.' முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி நச்சு வாயு பட்ட மரம், வேண்டாம், வெப்பத்தில் பதப்படுத்திய 'எச்.டி.' நல்லது. உள்ளே நைந்த குளியல் துண்டுகள், ஜீன்ஸ் துணி. சுமார் 5 கிலோ பிடிக்கும். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தே வையுங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சைதான். அழுத்தித் திணிக்காதீர்கள். நிமிர்த்தினால் துணி சரிந்து அடியில் குவியும் என்பதால் அடிக்கொரு குறுக்குக் கயிறு கட்டுங்கள்.

மேலே பழைய பருத்திச் சேலை. வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். ரெக்சின் போர்த்தினால் உச்ச ஒலி திரும்பிவிடும்.

இடம்? நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருங்கள், ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் தெரியும் இடத்தில், சுவருக்கு 2 அங்குலம் விட்டு, பிளக் அடித்து ஸ்குருவில் மாட்டுங்கள். இந்தக் கனத்தை ஒட்டும் டேப் தாங்காது.