காசியில் தண்டாய் குடிக்கப் போறீங்களா?

அனுமன் காட் பக்கம் தங்குற நம்ம ஊர்க்காரங்க, கோதௌலியா தண்டாய் கடை முன்னாடி நின்னு முழிக்கிறதை அடிக்கடி பார்க்கிறேன். "பினா பாங்"னு, அதாவது கஞ்சா இலை விழுதான பாங் இல்லாமன்னு, சொல்லிட்டா போதும். பாதாம், சோம்பு, கசகசா, மிளகு, ஏலக்காய் அரைச்ச பால் மட்டும் வரும். என்னைக் கேட்டா வெயிலுக்கு அதுவே அமிர்தம்.

பாங் போட்டதுதான் வேணும்னா, கடைக்காரர் கையைக் கவனிங்க. அம்மியில் மையா அரைச்ச கஞ்சா இலையைப் பச்சை உருண்டையா வெச்சிருப்பார். அதில் கொஞ்சம் கிள்ளிப் பாலில் கரைப்பார். போதை தர்ற பொருள் தண்ணியில் சரியா கரையாது, கொழுப்பில்தான் கரையும். பால் சேர்க்கிற சூட்சுமம் அதுதான். அவர் எடுக்கிறதில் பாதி போதும்னு தயங்காம சொல்லுங்க.

1985 போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியில் பூவையும் பிசினையும்தான் தடுக்குது. தனி இலையை விட்டுடுச்சு. அதனால உத்தரப்பிரதேசத்தில் பாங்குக்கு அரசு உரிமம் பெற்ற கடையே உண்டு.

வெறும் வயித்தில் வேண்டாம். குடிச்சு அரை மணியில் ஒண்ணும் தெரியலையேன்னு இரண்டாவது டம்ளர் கேட்கிறவங்கதான் படித்துறையில் சுருண்டு கிடப்பாங்க. ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும். இறங்க ராத்திரி ஆயிடும். கூட மது கூடாது, படகும் வேண்டாம். இதய நோயாளி, கர்ப்பிணி, சின்னப் பசங்க பக்கமே போகக் கூடாது. படபடப்பு வந்தா துணைக்கு ஆளோட ஒருக்களிச்சுப் படுங்க. நெஞ்சு வலிச்சா உடனே ஆஸ்பத்திரி.

ஊருக்குக் கொண்டுபோக பாங் இல்லாத தண்டாய்ப் பொடி மட்டும் வாங்குங்க. தமிழ்நாட்டில் பாங்குக்கும் தடை.