‘கேட்குதா’ என்று கேட்டால் போதுமா? காது மெஷினைச் சோதிப்பதில் செய்யும் தவறுகள்

காது மெஷினை மாட்டிவிட்டு, ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) எதிரே உட்கார்ந்து “இப்ப நல்லா கேட்குதாங்கய்யா?” என்பார். “கேட்குதுங்க” என்பார் பெரியவர். பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம். அமைதியான அறை, மூன்றடி தூரம், பேசுபவரின் உதடு வேறு தெரிகிறது. அங்கே மெஷின் இல்லாமலே பலருக்குப் பாதி புரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, ஆடியோகிராமை, அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, கம்ப்யூட்டரில் ஏற்றி, மென்பொருள் வைத்த ஒலி அளவை அப்படியே விட்டுவிடுவது. அது சராசரிக் காதுக்குப் போட்ட கணக்கு. காதுக்குழாயின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். குழந்தையின் குழாய் சிறியது என்பதால் அதே ஒலி உள்ளே கூடுதல் அழுத்தத்தோடு விழும். அதனால்தான் ‘ரியல் இயர் மெஷர்மென்ட்’ தேவை. செவிப்பறைக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, மெதுவான பேச்சு, 65 டெசிபெல் அளவிலான சாதாரணப் பேச்சு, உரத்த பேச்சு என்று ஒலிக்கவிட்டு, உள்ளே போய்ச் சேரும் ஒலியை அளப்பார்கள். ஆஸ்திரேலியாவின் என்ஏஎல், கனடாவின் டிஎஸ்எல் போன்ற, எந்தக் காதுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்று கணக்கிடும் சூத்திரங்கள் தரும் இலக்கோடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலும் உயர் அதிர்வெண்ணில்தான் (‘ஸ்’ போன்ற கீச்சான ஒலிகளில்) குறை தெரியும். “சத்தம் கேட்குது, பேச்சு புரியலை”, கடையும் தடையும் படையும் ஒன்றாகக் கேட்கிறது என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சோதனை உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

மெஷினோடு எடுத்த ஆடியோகிராம் மட்டும் போதாது. மிக மெல்லிய ஒலி எட்டுகிறதா என்று அது காட்டும்; சந்தடியில் பேச்சு புரிகிறதா என்று காட்டாது.

எதற்காக மெஷின் என்று முதல் நாளே எழுதி வைக்காததும் தவறுதான். ‘அடுக்களையிலிருந்து மருமகள் கூப்பிட்டால் கேட்கணும்’, ‘பேத்தியோடு போனில் பேசணும்’ என்று குறிப்பாக எழுதுங்கள். 1997இல் வெளிவந்த ‘கோசி’ என்ற படிவத்தின் வேலையே இதுதான்: ஐந்து சூழல்கள் வரை குறித்து, சில வாரம் கழித்து எது எவ்வளவு மாறியது என்று பார்ப்பது. முதல் நாளே தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பழக நாளாகும்.

தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மெஷினே பதிவு செய்யும். அதையும் முழுசாக நம்ப முடியாது. பேட்டரிக் கதவு மூடியிருந்தால் டிராயரில் கிடந்தாலும் மணிக்கணக்கு ஏறும்!

வீட்டில் செய்ய லிங் சோதனை இருக்கிறது. மெஷின் போட்டவரின் முதுகுப்பக்கம் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆறையும் சாதாரணக் குரலில், வரிசை மாற்றிச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். நேற்றுச் சொன்ன ‘ஸ்’ இன்று வரவில்லையென்றால், முதலில் மெஷினில் காது மெழுகு (குறும்பி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.