பத்து மடங்கு காது: குழந்தைகளுக்குச் செவியின் அமைப்பைச் சொல்லித்தரும் முறை

காதின் படத்தை வரைந்து பாகங்களின் பெயர்களைக் குறிக்கச் சொன்னால் குழந்தைகள் குறித்துவிடுவார்கள். ஒலி எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். காற்று உள்ளே புகுந்து மூளைவரை போவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒலி போகும் வரிசையில் ஒவ்வொரு பாகமாகக் கையால் செய்யவிடுங்கள். எட்டு வயதுக்கு மேல் ஒத்துவரும். முக்கால் மணி நேர வகுப்பு இரண்டு வேண்டும்.

மாதிரியைப் பத்து மடங்கில் செய்யுங்கள். மில்லிமீட்டரில் உள்ளதைச் சென்டிமீட்டரில் வெட்டினால் ஆயிற்று.

செவிமடலுக்கு அதிக நேரம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்கட்டும்; பிறகு காதுக்கு முன்னால், உள்ளங்கை பின்பக்கம் பார்க்கும்படி வைத்துக் கேட்கட்டும். ஒலியைத் திரட்டித் தரும் வேலை புரிந்துவிடும். செவிக்குழலின் நீளம் சுமார் 25 மி.மீ.; மாதிரிக்கு 25 செ.மீ. அட்டைக்குழாய். காது மெழுகு அழுக்கல்ல, தூசியைப் பிடிக்கும் காவல் என்பதையும், குச்சி, பஞ்சு எதையும் உள்ளே விடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

செவிப்பறைக்கு நேரம் ஒதுக்குங்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 9 மி.மீ., தடிமன் 0.1 மி.மீ.தான். வாய் 9 செ.மீ. அகலமுள்ள கிண்ணத்தை எடுத்து, கழுத்தை வெட்டிய பலூனை அதன்மேல் இழுத்துக் கட்டி ரப்பர் வளையம் போடுங்கள். விரலால் சுண்டினால் ‘டப்’ என்று கேட்க வேண்டும். தொய்வாக இருந்தால் எதுவும் நடக்காது. மேலே ஒரு சிட்டிகை உப்பு. அதற்குமேல் போட்டால் கனத்தில் அசையாது. பக்கத்தில், தொடாமல், ஒரு உலோகத் தட்டைக் கரண்டியால் தட்டினால் உப்பு துள்ளும்.

இதில் இரண்டு ஏமாற்று வேலை நடக்கும். குழந்தை பலூனுக்கு மேலே வாயை வைத்துக் கத்தினால் உப்பைத் தள்ளுவது மூச்சுக்காற்று, ஒலி அல்ல. தட்டை மேசையில் வைத்துத் தட்டினால் மேசையின் அதிர்வுதான் ஏறிவரும். ஆகவே தட்டைக் கையில் தூக்கிப் பிடியுங்கள், கிண்ணத்துக்கு அடியில் மடித்த துணி போடுங்கள். உப்பு துள்ளும்போது, ‘காற்று இடம்விட்டு வந்து தள்ளியதா, அதிர்வு மட்டும் வந்ததா?’ என்று கேளுங்கள். பாடத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அடுத்து நடுச்செவியின் மூன்று எலும்புகள். களிமண்ணில் சுத்தி 8 செ.மீ., பட்டடை 7 செ.மீ., அங்கவடி 3 செ.மீ. இணைப்பில் உடையும்; உள்ளே கம்பித்துண்டு செருகுங்கள். பட்டடையையும் அங்கவடியையும் இன்றைய குழந்தைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் மேடையின் படமும், குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையத்தின் படமும் காட்டினால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். பிறகு மூன்று மில்லிமீட்டரைத் தாளில் கோடு போட்டுக் காட்டி, உடலிலேயே சிறிய எலும்பின் அளவு இவ்வளவுதான் என்று சொல்லுங்கள்.

எலும்புகள் எதற்கு? உட்செவியில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிவிடும். செவிப்பறை பெற்ற விசையை அதைவிடச் சுமார் 17 மடங்கு சிறிய, உட்செவியின் வாசலான நீள்வட்டப் பலகணியில் குவிப்பதால்தான் அது உள்ளே நுழைகிறது. பென்சிலின் தட்டையான முனையையும், பிறகு மழுங்கச் சீவிய கூர்முனையையும் உள்ளங்கையில் ஒரே அளவு மெதுவாக அழுத்திப் பார்க்கட்டும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கினால் காது அடைப்பது தெரியும். அது நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழலின் வேலை. சளி பிடித்த குழந்தைக்கு இது வேண்டாம்.

உட்செவியில் ஒலியை உணரும் பாகம், நத்தை ஓடுபோலச் சுருண்ட நத்தை எலும்பு. அதற்கு 35 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம் உள்ள காகிதத் துண்டு. உள்ளே இருக்கும் சவ்வு ஒரு முனையில் குறுகலாகவும் மறுமுனையில் ஐந்து மடங்கு அகலமாகவும் இருப்பதைக் காட்ட, துண்டின் நடுவில் 1 மி.மீ.யில் தொடங்கி 5 மி.மீ.யில் முடியும் வண்ணக்கோடு தீட்டுங்கள். குறுகிய முனையில் ‘விசில்’, அகன்ற முனையில் ‘இடி’ என்று எழுதி, இடி நடுவில் வரும்படி இரண்டரைச் சுற்றுச் சுருட்டி, நடுவை மேலே இழுத்துவிடுங்கள். பெரிய வளையத்தில்தான் கனத்த ஒலி இருக்கும் என்று குழந்தைகள் அடித்துச் சொல்வார்கள். உண்மை நேரெதிர்: ஓடு அகன்ற இடத்தில் சவ்வு குறுகல், விறைப்பு, அங்கேதான் கீச்சொலி பதிகிறது.

கேட்பதற்கல்ல, தலை சுழல்வதை உணர்ந்து உடலின் சமநிலையைக் காப்பதற்காக உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஒரு அறையின் இரு சுவரும் தரையும் கூடும் மூலைபோல நிற்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் காகிதத் துணுக்குகளும் போட்டுச் சுழற்றி, சட்டென்று நிறுத்துங்கள். கிண்ணம் நின்றும் தண்ணீர் நிற்காது, தலைசுற்றலும் அதுவே.

இரண்டாம் வகுப்பின் கடைசியில் மாதிரியிலிருந்து ஒரு பாகத்தை எடுத்து ஒளித்துவைத்து, ‘இப்போது என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். அங்கவடியை எடுத்தால் விடை எளிது. அரைவட்டக் குழலை எடுக்கும்போதும் ‘காது கேட்காது’ என்று பதில் வந்தால் தண்ணீர்க் கிண்ணத்தை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.