குழந்தைக்காக வரும் தம்பதியிடம் மிஸ்ஸிகள் (நர்ஸுகள்) தவிர்க்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துச் சனம் நிறைந்த ஊரில், கல்யாணமான மறு தீபாவளிக்கே “விசேஷம் ஏதும் உண்டா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதையெல்லாம் கேட்டு அலுத்துத்தான் ஒரு பெண் கிளினிக் படியேறுகிறாள். அங்கேயும் மிஸ்ஸி அதே தொனியில் கேட்டால் அவள் எங்கே போவாள்?

“மனச லேசா வச்சுக்கோம்மா, தானா தங்கும்” என்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவள் காதில் விழுவது, ‘உன் கவலைதான் காரணம்’ என்பது. 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பு, 14 ஆய்வுகளில் 3,583 பெண்களைப் பார்த்தது. கருத்தரிப்பு சிகிச்சைக்கு முன்பிருந்த மன உளைச்சல், அந்தச் சிகிச்சைச் சுற்றில் கரு தங்குவதைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே அறிவுரை வேண்டாம். “இவ்வளவு அலைச்சல்ல கவலை வரத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு, அவள் பேசுவதைக் கேட்டாலே போதும்.

அடுத்தது, கணவனை நாற்காலிக்குக் காவலாக விட்டுவிடுவது. ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை புட்டியை வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நீட்டினால் அந்த மனுசன் மறுபடி வரமாட்டார். உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள்: பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறக் கூடாது, வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்க்கவேண்டும். பக்கத்து நகரமான ஈப்போவுக்குக் கொண்டுபோவதானால் காலை நெரிசலையும் கணக்கில் சேருங்கள். அங்கேயே தனியறை உண்டா என்று முன்கூட்டியே நீங்களே கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

சின்ன ஊரில் மாமியாரும் நமக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். கோயிலில் பிடித்துக்கொண்டு, “மருமகளுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?” என்பார். “அவங்களையே கேளுங்க” என்பது தப்பான பதில். வந்தாள் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். “யாரு வந்தா போனான்னு வெளிய பேசுறதில்ல அத்தை” என்று முடித்துவிடுங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் நடுவே அவளை உட்கார வைக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம், கரு தங்கியதா என்ற ரிசல்ட். ஷிப்டு வேலையில் நிற்பவளுக்குத் திடீரென்று போன் போட்டு, “இந்தத் தடவை இல்லம்மா, அடுத்த மாசம் பார்ப்போம்” என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடாது. எந்த நேரம், யாரிடம் சொல்லவேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த சுற்றுப் பேச்சு இன்னொரு நாளைக்கு. சிகிச்சைக்குப் பின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் இரண்டு வாரத்தில் லேசாக ரத்தம் பட்டாலே எல்லாம் போச்சு என்று மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ரத்தம் பட்டாலும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக்கூடாது என்பதை, அவள் மருந்தை வாங்கும்போதே சொல்லி அனுப்புங்கள்.