ஏஸ் பிட்சரை எந்த ஆட்டத்தில் இறக்குவது? கல்லூரி பேஸ்பால் ப்ளேஆஃபில் நடக்கும் தவறுகள்

ஜூன் மாதம் வந்தால் என் தூக்கம் போச்சு. கல்லூரி பேஸ்பாலின் இறுதிக்கட்டம் நடக்கும் அமெரிக்க நகரமான ஓமஹாவில் மாலை 6 மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை 4:30. அந்த நேரத்தில் எழுந்து அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பார்க்கிறவனுக்கு, முதல் பந்து விழுவதற்கு முன்பே ஒரு கேள்வி மண்டையைக் குடையும். ஏஸை இன்றைக்கு இறக்குவார்களா, நாளைக்கு என்று ஒளித்து வைப்பார்களா?

ஏஸ் என்றால் அணியின் முதல்தரத் தொடக்கப் பிட்சர், அதாவது ஆட்டத்தை ஆரம்பித்துப் பந்து வீசுகிறவர்களில் சிறந்தவர். லீக் காலத்தில் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்று ஆட்டம், வெள்ளிக்கிழமை ஏஸ் வீசுவார், அடுத்த வெள்ளிவரை கைக்கு ஓய்வு. நான்கு மாதம் இப்படிப் பழகிய கையைக் கொண்டுபோய் ப்ளேஆஃபில் விடும்போதுதான் குழப்பம் ஆரம்பம். மொத்தம் 64 அணிகள், ரீஜனல் என்ற முதல் சுற்றில் 16 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள், இரண்டு முறை தோற்றால் வீட்டுக்குப் போகலாம். அதைத் தாண்டினால் மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய சூப்பர் ரீஜனல், அப்புறம் எட்டு அணிகள் ஓமஹாவுக்கு.

நான் அதிகம் பார்க்கும் தவறு ரீஜனலின் முதல் நாளிலேயே நடக்கும். முதல் தர வரிசை அணிக்கு நான்காம் தர வரிசை அணி எதிரே வரும். 'இவங்களுக்கு எதுக்கு ஏஸ்? சனிக்கிழமை பலமான அணி வரும், அன்றைக்கு வைத்துக்கொள்வோம்' என்று கோச் கணக்குப் போடுவார். பெரும்பாலும் தப்பித்தும் விடுவார், அதனால்தான் இந்தப் பழக்கம் போவதில்லை. ஆனால் முதல் ஆட்டத்தை ஜெயித்தவருக்குத் தேவை மொத்தம் மூன்று வெற்றி. தோற்றவர் அதற்கு அப்புறம் தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அதுவும் சனி முதல் திங்கள்வரை மூன்றே நாளில். பிட்சருக்கு எங்கே போவது? 2008இல் லாங் பீச் ரீஜனலில் நான்காம் தர வரிசையில் நுழைந்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட், முதல் ஆட்டத்தில் உள்ளூர் அணியையே சாய்த்துவிட்டு, கடைசியில் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. இதில் வேடிக்கை, அவர்களுடைய ஏஸ் டேனர் ஷெப்பர்ஸ் தோள்பட்டைக் காயத்தால் அந்தத் தொடரிலேயே இல்லை.

அதற்காக ஏஸை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. 2009இல் சான் டியேகோ ஸ்டேட் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்கை வர்ஜீனியாவுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே இறக்கியது. மனுஷன் 7 இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக 9) 15 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்க விடாமலே வெளியேற்றினார். ஆட்டம் 5-1 என்று தோல்வி, அந்த சீசனில் அவருக்கு அது ஒரே தோல்வி. பந்து வீசுகிறவர் ரன் அடித்துக் கொடுக்க முடியாதே!

சூப்பர் ரீஜனலில் வேறு வகைத் தவறு. 'மூன்றாவது ஆட்டம்தான் வாழ்வா சாவா, அதற்கு ஏஸை வைப்போம்' என்பார்கள். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஏஸ் வீசினால் ஜெயிக்க நூற்றுக்கு 70 வாய்ப்பு, மற்ற இருவர் வீசினால் ஆளுக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். ஏஸ் ஆட்டத்தோடு மற்ற இரண்டில் ஒன்றாவது கிடைக்க 52.5, ஏஸ் தோற்று மற்ற இரண்டும் கிடைக்க 7.5, ஆக 60. ஏஸை முதல் நாள் வைத்தாலும் சரி, மூன்றாம் நாள் வைத்தாலும் சரி, இந்த 60 அசையாது. நானும் முதலில் நம்பவில்லை, தாளில் போட்டுப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன். ஆகவே ஒளித்து வைத்து எதையும் சம்பாதிக்கப் போவதில்லை. எதிரணி யாரை எந்த நாள் வீச வைக்கிறது என்பதைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் உண்மையான வித்தியாசம் ஓய்வில்தான் இருக்கிறது. வெள்ளி வீசியவர் அடுத்த வாரம் ஓமஹாவில் முதல் ஆட்டத்துக்கு முழு ஓய்வோடு வருவார், ஞாயிறு வீசியவர் வரமாட்டார். இரண்டே ஆட்டத்தில் தோற்றுவிட்டால் ஏஸ் ஒரு பந்துகூட வீசாமல் சீசன் முடியும். அதைக் கேட்கிறவர்களுக்கு எந்தக் கணக்கைச் சொல்லியும் சமாளிக்க முடியாது.

இன்னொன்று, ஏஸுக்குப் பின்னால் வருகிறவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. 2019 சூப்பர் ரீஜனலில் வாண்டர்பில்ட் முதல் ஆட்டத்தை டியூக்கிடம் 18-5 என்று பறிகொடுத்தது. மறுநாள் தோற்றால் வெளியே. வந்தவர் முதலாண்டு மாணவர் குமார் ராக்கர் (பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா, தாய்வழியில் இந்திய வேர்). 131 பந்துகள், 19 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) கொடுக்கவில்லை. அந்த ஆண்டுக் கோப்பையும் வாண்டர்பில்ட்டுக்கே.

நாள் எண்ணுகிறவர்கள் பந்து எண்ண மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் 19 முதல் 22 வயதுக்காரர்களுக்கு ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 120 பந்துகள், 81 முதல் 105 வரை வீசினால் 4 நாள் ஓய்வு, அதற்கு மேலே போனால் 5 நாள். கல்லூரி ஆட்டத்தில் இது யாரையும் கட்டுப்படுத்தாது, கோச்சின் மனசாட்சிதான் நடுவர். 2009 ஆஸ்டின் ரீஜனலில் டெக்சஸுக்கும் பாஸ்டன் காலேஜுக்கும் நடந்தது 25 இன்னிங்ஸ் ஆட்டம். முந்தின நாள்தான் 2 இன்னிங்ஸ் வீசியிருந்த டெக்சஸ் ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வருகிறவர்) ஆஸ்டின் வுட், அன்றைக்கு 13 இன்னிங்ஸ் நின்று 169 பந்துகள் வீசினார். டெக்சஸ் 3-2 என்று ஜெயித்தது. ஜெயித்ததால் சரியாகிவிடுமா? 2021 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டின் வில் பெட்னர் மூன்றே நாள் ஓய்வில் வந்து 6 இன்னிங்ஸ் ஹிட் கொடுக்காமல் வீசினார், அணி 9-0 என்று ராக்கர் இருந்த வாண்டர்பில்ட்டை வீழ்த்தியது. இதைக் காட்டி 'மூன்று நாள் போதும்' என்று வாதாடுகிறவர்களிடம் நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

மழையையும் சொல்லியாக வேண்டும். தென் மாநிலங்களில் ஜூன் மாதம் பிற்பகலில் இடி மின்னல் சர்வசாதாரணம். வானத்தைப் பார்க்காமல் ஏஸை இறக்கி, இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டம் நின்று, இரண்டு மணி நேரம் கழித்துக் கை ஆறிப்போனால் அந்த ஏஸ் அன்றைக்கும் கிடையாது, நாளைக்கும் கிடையாது.

கைவிட வேண்டிய ஆட்டத்தைக் கைவிடத் தெரியாததும் ஒரு தவறு. 2023இல் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) அந்தத் தவறைச் செய்யவில்லை. ஓமஹாவில் தங்கள் ஏஸ் பால் ஸ்கீன்ஸை முதல் ஆட்டத்திலேயே டென்னசிக்கு எதிராக இறக்கினார்கள், 12 ஸ்ட்ரைக்அவுட், வெற்றி. இடையில் வேக் ஃபாரஸ்டிடம் ஒன்று தோற்றும் அவசரப்பட்டு அவரைக் கூப்பிடவில்லை. ஜூன் 22 அன்று அதே வேக் ஃபாரஸ்டோடு தோற்றால் வெளியே என்ற ஆட்டம். எதிரணி பிட்சர் ரெட் லவுடர். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸில் இரண்டே ஹிட் கொடுத்து 120 பந்துகள் வீசிவிட்டு விலகினார், 11ஆவது இன்னிங்ஸில் டாமி ஒயிட்டின் ஹோம் ரன்னில் 2-0 என்று எல்.எஸ்.யூ.வுக்கு வெற்றி. ஃப்ளோரிடாவோடு இறுதித் தொடர். முதல் ஆட்டத்தில் எல்.எஸ்.யூ.வின் டை ஃப்ளாய்ட் 17 ஸ்ட்ரைக்அவுட், வெற்றி. இரண்டாவது ஆட்டத்தில் 24-4 என்று அடி வாங்கினார்கள், பார்த்த எனக்கே கூச்சமாக இருந்தது. மறுநாள், மூன்றே நாள் ஓய்வில் ஸ்கீன்ஸ் வருவாரா என்றுதான் எல்லாரும் பேசினார்கள். தொடங்கியவர் தாட்ச்சர் ஹர்ட். முதல் இன்னிங்ஸில் 2 ரன் கொடுத்துவிட்டு அப்புறம் பிடியை விடவில்லை. 18-4 என்று வெற்றி, கோப்பையும் எல்.எஸ்.யூ.வுக்கே. தொடரின் சிறந்த வீரர் விருது வாங்கிய ஸ்கீன்ஸ், இறுதித் தொடரின் மூன்று ஆட்டத்திலும் ஒரு பந்துகூட வீசவில்லை.